தாய்மாமன் சொல்லி வைத்த சீட்டு

என் மச்சானுக்கு எதையும் நேராகப் போய்க் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. என் மனைவியின் அண்ணன் அவர். சூலூரில் விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறார். எங்கே போவதாக இருந்தாலும் அந்த இடத்தில் யாரைத் தெரியும் என்று முதலில் யோசிப்பார். ஆள் அகப்பட்டதும் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லி வைப்பார். பிறகுதான் செருப்பை மாட்டுவார். சிங்காநல்லூரில் புதிதாகத் திறந்திருந்த பல் மருத்துவரிடம் ஒருமுறை இப்படிச் சொல்லி வைத்துவிட்டுப் போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் எங்களைத் தவிர ஒரு மீன்தொட்டி மட்டும் இருந்தது. மருத்துவரே எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"பாத்தீங்களா மாப்ள? சொல்லி வெச்சதுனால ஒடனே கூப்புட்டுட்டாங்க" என்றார் மச்சான், வலிக்கும் கன்னத்தைப் பிடித்தபடி.

இது அவர் ஒருவருடைய குணம் என்று எழுதினால் அது தவறான தகவலாகிவிடும். நான் பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்தும் வேலை பார்க்கிறேன். மின்வாரியத்தில் சொல்லுங்கள், பாஸ்போர்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள் என்று எனக்கும் அழைப்புகள் வரும். கல்யாணத்தன்று மழை வராமல் இருக்குமா என்று வானிலைக்காரர்களிடம் 'கொஞ்சம் சொல்லி' கேட்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். மச்சான் இந்த ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் முழுமையாகக் கடைப்பிடிக்கிறார், அவ்வளவுதான்.

அவர் என் மகளுக்குத் தாய்மாமன். கொங்குப் பக்கம் அது உறவு மட்டுமல்ல, ஒரு பதவி. காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்வதில் தொடங்கி கல்யாணம் வரைக்கும் எல்லாச் சடங்கிலும் அவருக்கு முன்வரிசை உண்டு. அதற்கேற்ற சீரும் அவர் செய்தாக வேண்டும். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே இப்போது கல்லூரி என்று ஒன்று முளைத்துவிட்டதே, அதற்குத் தாய்மாமன் என்ன செய்வது என்று மச்சான் நெடுநாள் யோசித்திருக்கிறார். மகள் பிளஸ் டூ தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோதே தன் முடிவை அறிவித்தார்.

"சீட்டு எம்பட பொறுப்புங்க மாப்ள. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

அதுவரை நான் கவலைப்படாமல்தான் இருந்தேன்.

மகள் வணிகவியல் பிரிவில் படித்தவள். அடுத்து பி.பி.ஏ. படிப்பது என்று முடிவு செய்திருந்தாள். ஒண்டிப்புதூரில் எங்கள் தெருமுனையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. பில் போடவும் ஆர்டர் எடுக்கவும் மதியத்துக்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும் என்று கடைக்காரர் தேடிக்கொண்டிருந்தார். இவள் போய்க் கேட்டிருக்கிறாள். "காலேஜு காலைல மட்டும் இருந்தா வா அம்மணி, ஜூலை வரைக்கும் வேற ஆள் போடாம இருக்கறேன்" என்று அவர் சொல்லிவிட்டார். கடையில் வியாபாரத்தைக் கற்றுக்கொண்டு, அதற்கெல்லாம் புத்தகத்தில் என்ன பெயர் என்று கல்லூரியில் தெரிந்துகொள்வது அவளுடைய திட்டம். ஆகவே அவளுக்குக் காலைக் கல்லூரி வேண்டும். எனக்கு என் சம்பளத்துக்குள் அடங்கும் கல்லூரி வேண்டும். இரண்டும் பெரிய ஆசைகள் இல்லை என்றுதான் நினைத்தோம்.

மூன்று கல்லூரிகளைப் பார்த்தோம். எங்கே போனாலும் மகள் என்னை அலுவலக அறையில் விட்டுவிட்டு கேன்டீன் பக்கம் போய்விடுவாள். அங்கே உட்கார்ந்திருக்கும் மாணவிகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: போன வியாழக்கிழமை என்ன கிளாஸ் நடந்தது? ஏன் வியாழக்கிழமை என்று கேட்டேன். திங்கட்கிழமை எல்லாக் கல்லூரியிலும் ஒழுங்காக நடக்கும், வெள்ளிக்கிழமை எங்கேயும் ஒழுங்காக நடக்காது, வியாழக்கிழமையில்தான் உண்மை தெரியும் என்றாள்.

முதலில் சரவணம்பட்டி. கட்டடம் முழுக்கக் கண்ணாடி. வரவேற்பறையில் பங்கு விலைகள் ஓடும் பெரிய திரை. உட்கார்ந்ததும் எலுமிச்சைச் சாறு வந்தது. எதிரே இருந்த இளைஞர் பிளேசர், மடிக்கணினி, துபாய்ப் பயணம் என்று வரிசையாகச் சொன்னார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். "மூணு வருஷத்துக்கான முதலீடு சார்" என்று தொடங்கினார். அரைமணி நேரப் பேச்சில் கட்டணம் என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருமுறையும் வரவில்லை. பேருந்துக்குத் தனி முதலீடு. எங்களோடு வந்திருந்த மச்சான் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"பார்க்கிங் அருமையா வெச்சிருக்கறாங்க மாப்ள."

கேன்டீனிலிருந்து வந்த மகளின் முகத்தைப் பார்த்தேன். போன வியாழக்கிழமை பிளேசருக்கு அளவு எடுத்தார்களாம். அதற்கு முந்தைய வியாழக்கிழமை? அன்று அளவு எடுப்பதாகச் சொல்லி, டெய்லர் வரவில்லையாம்.

இரண்டாவது கல்லூரி தொண்டாமுத்தூர் தாண்டி, மலையடிவாரத்தில். வாசலில் மயில் நின்றது. காற்று அப்படி வீசியது. கட்டணமும் சரவணம்பட்டியில் பாதிதான். நான் மனதுக்குள் என் சேமிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்து, "மூணரைக்குள்ள கெளம்பிக்கோங்க, அதுக்கு மேல ஆனை வருதுங்க" என்றார். வியாழக்கிழமை பற்றிய விவரமும் அதை ஒட்டியே இருந்தது. காம்பவுண்டுச் சுவரை யானை தள்ளிவிட்டதால் அன்று மதியம் விடுமுறை.

"இங்க பிரின்சிபாலுக்கு மேல ஒருத்தர் இருக்காருங்கப்பா. லீவு அவருதான் உடறாரு" என்றாள் மகள்.

மூன்றாவது, நகருக்குள் இருக்கும் பழைய கல்லூரி. அரசு உதவி பெறுவது. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. மின்விசிறிகளுக்கு ஓடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. கேன்டீனிலிருந்து மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "கணக்குப்பதிவியல், மறுபடியும் கணக்குப்பதிவியல், தமிழ். கடைசி மணி எகனாமிக்ஸ் மேடம் வரலையாம். சரி, ஊட்டுக்குப் போலாம்னு பைய எடுத்தா, அக்கவுண்ட்ஸ் சாரே மறுபடியும் வந்து நின்னாராம்." சொன்ன பெண் இதைப் புகாராகச் சொல்லியிருக்கிறாள். என் மகளுக்கு அதுதான் சான்றிதழ்.

அங்கே ஒரே படிப்பு இரண்டு பிரிவாக நடக்கிறது. காலையில் நடப்பது அரசு உதவி பெறும் பிரிவு: மதிப்பெண் வரிசைப்படி சேர்க்கை, சொற்பக் கட்டணம். மதியம் தொடங்கி மாலைவரை நடப்பது சுயநிதிப் பிரிவு: கட்டணம் பல மடங்கு, அதில் நிர்வாகம் தன் விருப்பப்படி கொடுக்கும் இடங்களும் உண்டு. காலைப் பிரிவுக்கு மூன்று வருடமும் சேர்த்து நான் கட்ட வேண்டியிருந்தது, சரவணம்பட்டிக்காரர் பேருந்துக்கு மட்டும் சொன்ன முதலீட்டைவிடக் குறைவு. மகளின் மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. விண்ணப்பித்தோம்.

மச்சானுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அங்க யாருகிட்டச் சொல்லோணுங்க மாப்ள?"

"யாருகிட்டயும் வேண்டாம் மச்சான். மார்க் இருக்குது, தானா வந்துரும்."

மறுமுனையில் தறிச்சத்தம் கேட்டது. "சரிங்க மாப்ள" என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சம்மதித்ததில்லை. என் தொழிலில் இருப்பவன் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் பட்டியல் ஒட்டிய அன்று நானும் மகளும் அறிவிப்புப் பலகை முன் நின்றோம். அவள் பெயர் இல்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய வகுப்புத்தோழி ஒருத்தியின் பெயர் இருந்தது. மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, அச்சுப்பிழை தேடுகிறவனைப் போலக் கீழிருந்து மேலாகவும் படித்தேன். மகள் அதற்குள் அலுவலக அறைக்கு நடந்துவிட்டிருந்தாள்.

அலுவலகத்தில் சேர்க்கையைக் கவனிக்கும் அம்மா கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"ஓ, இந்தப் பாப்பாவா? இவிங்களுக்கு மேனேஜ்மெண்ட்ல சொல்லியிருக்காங்களேங்க. சுயநிதியில எடம் எடுத்து வெச்சாச்சு. அதனால மெரிட்ல இருந்து எடுத்துட்டோம். ஒருத்தருக்கு எதுக்குங்க ரெண்டு எடம்?"

"மார்க் இருக்குதேங்க?" என்றேன்.

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. மார்க் இருக்கறவிங்க யாருங்க சொல்லி வெக்கிறாங்க?"

அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. மச்சான், தனக்கு நூல் கொடுக்கும் மில்லின் உரிமையாளரைப் பிடித்திருக்கிறார். அவர் கல்லூரி நிர்வாகக் குழுவில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். தானாக வரவேண்டிய இடத்தை முழு அக்கறையோடு தட்டிவிட்டிருக்கிறார்கள்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன். முதல் பட்டியலில் இடம் கிடைத்த சிலர் பணம் கட்டாமல் வேறு கல்லூரிக்குப் போவார்கள். அந்தக் காலி இடங்களுக்கு இரண்டாவது பட்டியல் வரும். ஒன்றோ இரண்டோ காலியாகலாம், ஒன்றுமே ஆகாமலும் போகலாம். அதில் மகளின் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் சுயநிதி இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். சொல்லி வைத்தவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"உட்டுட்டு, அதுலயும் வரலீன்னா?" என்றேன்.

"அப்ப ரெண்டும் இல்லீங்க" என்றார் அந்த அம்மா, குறையாத மரியாதையோடு.

அன்று மாலை வீட்டில் பேச்சு வேறெதுவும் இல்லை. மனைவி சுயநிதிப் பக்கம் சாய்ந்தாள். "கையில இருக்கறத எதுக்குங்க உடறது? அண்ணன் பீஸு கட்டறேங்குது." மகள் அதற்குத்தான் பயந்தாள். "மாமா கட்டுனா மூணு வருஷம் ஒவ்வொரு விசேஷத்துலயும் மைக் இல்லாமயே சொல்லுவாரும்மா. போதாததுக்கு சாயங்காலம் ஆறரை வரைக்கும் கிளாஸ். கடைக்கு எப்பப் போறது?" சரவணம்பட்டி இளைஞர் வேறு, சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது என்று எனக்குத் தினம் ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் இருபக்கக் கருத்துகளையும் சமநிலையோடு எடுத்துரைத்தேன். எதற்கும் உதவாத பேச்சு அது என்று தாயும் மகளும் அபூர்வமாக ஒத்துப்போனார்கள்.

கடைசியில் மகள் கேட்டாள்: "எம் மார்க்கு மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுங்கப்பா. உங்களுக்கு இருக்குதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

இருக்கிறது என்றேன். முழுக்க உண்மையில்லை. இரண்டாவது பட்டியல் மேல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுநாள் சூலூர் போனோம். மச்சான் தறிக்கூடத்துக்குள் இருந்தார். அங்கே பேச்சு என்பது கத்துவதுதான். எங்களைக் கண்டதும் இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"சீட்டு வந்துருச்சா கண்ணு?"

"அதப் பத்தித்தான் மாமா!"

"என்ன?"

"வெளிய வாங்க மாமா, சொல்றேன்!"

"இங்கயே சொல்லு அம்மணி, இவிங்களும் கேக்கட்டும்! இவிங்ககிட்ட எல்லாம் சொல்லிப்போட்டேன்!"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு முழுக் குரலில் சொன்னாள். சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் நின்றது. தறிகள் எல்லாம் ஒன்றாக அடங்கின.

"உங்க சிபாரிசு எனக்கு வேண்டா மாமா!"

தறி ஓட்டுபவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் அறுந்த இழையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"மானத்த வாங்கிப்போட்டியே கண்ணு" என்றார் மச்சான். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. தாய்மாமன் கொடுத்த சீரைத் திருப்பிக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் சிறிய விஷயமல்ல. ஒரு சேலையைத் திருப்பியதற்காகத் தலைமுறையாகப் பேசாத குடும்பங்களை எனக்குத் தெரியும். என் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

மகள் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "மாமா, எனக்கு எவ்வளவு மார்க்கு?"

மச்சான் சொன்னார். சரியாக நினைவு வைத்திருந்தார்.

"எம் பிரெண்டு என்னையவிட கம்மி. அவளுக்கு மெரிட்ல வந்துருச்சு. எனக்கு வரலை. ஏன் தெரியுமா? சொல்லி வெச்சதுனால, நான் மார்க் இல்லாத புள்ளைன்னு நெனச்சுட்டாங்க."

மச்சான் நிமிர்ந்தார். "யாரு நெனச்சா?"

"ஆபீஸ்ல."

"மில்லுக்காரரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரா?"

"பின்ன? மார்க் இருந்தா எதுக்குச் சொல்லோணும்?"

கட்டணத்தைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தங்கை மகளை ஊரார் மக்கு என்று நினைப்பதா? மச்சான் அங்கேயே போனை எடுத்து மில் உரிமையாளரைக் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏனுங்க, அந்தக் காலேஜு சீட்டுங்க... நம்ம தங்கச்சி பொண்ணுக்கு... அது வேண்டாமுங்க."

"ஏனுங்க? மாப்ள பாத்துட்டீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. மார்க்கு ஜாஸ்தியாப் போச்சுங்க."

வேண்டாம் என்று சொல்லச் சொல்லி யாரும் தன்னிடம் இதுவரை கேட்டதில்லை என்று மில்காரர் மெதுவாகச் சொன்னார். இதையெல்லாம் போனில் பேசுவது முறையாகாது, நேரில் வந்தால் பேசலாம் என்றார். ஆகவே ஆப்பிளும் இனிப்பும் வாங்கிக்கொண்டு நானும் மச்சானும் அவர் வீட்டுக்குப் போனோம். காபி வந்தது. நூல் விலை, மழை, பேரன் பேத்தி என்று எல்லாம் பேசிய பிறகு மச்சான் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து, தனக்காக வாங்கித் தந்த இடத்தைத் தயவுசெய்து இல்லாமல் செய்து தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எதையோ வாங்க வந்தவரின் அதே பணிவுதான். மில்காரர் நிர்வாகக் குழுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். உள்ளே போன பாதையிலேயே, ஒவ்வொரு வாசலாக வெளியே வந்தோம்.

இரண்டாவது பட்டியலுக்குப் பல நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. மனைவி என்னிடம் அளந்துதான் பேசினாள். பம்ப்செட் கடைக்காரர் ஒருமுறை மகளை நிறுத்தி, "என்னாச்சு அம்மணி, வேற ஆள் கேக்கறாங்க" என்றார். அவள் பகலில் வழக்கம்போல வாயாடிக்கொண்டிருந்தாலும், கல்லூரியின் இணையதளத்தை நாளுக்குப் பலமுறை திறந்து பார்ப்பதை நான் கவனித்தேன்.

பட்டியல் ஒட்டுகிற அன்று மச்சான் எங்களுக்கு முன்பே போய்ப் பலகையின் முன் நின்றிருந்தார். அன்றைக்கு மட்டும் யாரிடமும் எதையும் சொல்லி வைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் இருந்ததாம். காலியானது இரண்டே இடங்கள். முதல் பெயர் மகளுடையது. மச்சான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"நம்ம புள்ள பேருதானுங்க இது?" என்று பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டார். அவருக்கு எங்கள் பிள்ளை யாரென்றே தெரியாது. ஆனாலும், "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார்.

இப்போது மகள் காலையில் கல்லூரிக்குப் போகிறாள். மதியம் கடையில் பில் போடுகிறாள். அக்கவுண்ட்ஸ் ஆசிரியர் பிறர் மணிகளிலும் வந்துவிடுகிறார் என்று இப்போது இவளும் புகார் சொல்கிறாள்.

போன மாதம் அன்னூரில் ஓர் உறவுக்காரர் கல்யாணம். பந்தியில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் தூரத்துச் சொந்தம். மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்டார். மச்சான் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு விரிவாகப் பதில் சொன்னார்.

"மொதல்ல லிஸ்ட்ல பேரே வரலீங்க. அப்பறம் நானே நேர்ல போயி, பெரிய எடத்துல ஒரு வார்த்த சொன்னனுங்க. அடுத்த லிஸ்ட்லயே மொதப் பேரா வந்துருச்சு."

எதிர்வரிசையில் இருந்த நான் தொழில் பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியமாகச் சரிபார்த்தேன். திருத்த ஒன்றுமில்லை.

சொந்தக்காரர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "எம்பட பையன் அடுத்த வருசம் முடிக்கறானுங்க. அவனுக்கும் அதே காலேஜுல ஒரு வார்த்த சொல்லிக் குடுங்க."

மச்சான் பதில் சொல்வதற்குள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மகள் குனிந்து கேட்டாள்: "பதினொண்ணாவதுல எவ்வளவுங்க மார்க்கு வாங்கியிருக்கான்?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அப்பச் சரிங்க" என்றாள். "மாமா சொல்லட்டும்."